புதுப்பிப்பு: டைமிங் பெல்ட் மாற்றியபின் வந்த நடுக்கம் நின்றது

பினாங்கு கெலுகோர் வீட்டு வாசலில் என் புரோட்டோன் வீரா காருக்கு நானே டைமிங் பெல்ட் (இன்ஜினின் கிராங்கையும் கேமையும் ஒத்துச் சுற்ற வைக்கும் பல் வைத்த பட்டை) மாற்றியதும் இன்ஜின் நடுங்குகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது: கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) புல்லி ஒரு பல் தள்ளி நின்றது. பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரின் போல்ட்டை முறுக்கும்போது பெல்ட் நழுவியிருக்கிறது.

இந்த முறை பெல்ட்டைப் புல்லியோடு சேர்த்துக் கிளிப் போட்டுப் பிடித்தேன். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சாவியைத் தொடுவதற்கு முன், கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும். கேம், கிராங்க் புல்லிகளில் உள்ள குறிகள் இரண்டும் நேராக வந்து நின்றபோதுதான் மூச்சு வந்தது.

நேற்று பினாங்குப் பாலம் தாண்டிப் பிறை வரை ஓட்டினேன். சிவப்பு விளக்கில் கியர் நெம்புகோல்கூட ஆடவில்லை.

கிராங்க் முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலையும் மாற்றச் சொன்ன அண்ணனுக்கு மிகவும் நன்றி. பழைய சீல் விளிம்பில் வெடித்திருந்தது. எண்ணெய் கசிந்து புது பெல்ட்டையே கெடுத்திருக்கும்.