ஆற்றில் மூழ்கியவருக்கு முதலுதவி: சுற்றி நிற்கும் கூட்டத்தை என்ன செய்வது?

பாபநாசம் கண்டக்டர்:
வணக்கம். டவுன் பஸ் கண்டக்டர் நான். லைசென்ஸுக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்பார்கள் என்று வகுப்புக்குப் போனவன். பாதிப் பேர் தூங்கினார்கள். நான் என்னவோ பொம்மையை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன். ஆடிப்பெருக்கன்று அது வேலைக்கு வந்தது.

குடமுருட்டியில் நல்ல தண்ணீர். படித்துறையில் காதோலை கருகமணி விட வந்த கூட்டம். வெளியூர்ப் பையன் ஒருவனை ஆறு இழுத்துப் போய் நாணலில் செருகிவிட்டது. இரண்டு பேர் தூக்கி வந்து கரையில் கிடத்தினார்கள். தட்டிக் கூப்பிட்டேன், அசைவில்லை. மூச்சும் இல்லை. உதடு நாவற்பழம் மாதிரி கறுத்திருந்தது.

அப்புறம்தான் தகராறு. "காலைப் பிடிச்சுத் தலைகீழா சுத்துடா, தண்ணி வந்துடும்" என்கிறார் ஒரு பெரியவர். இன்னொருவர் வயிற்றில் முழங்காலை வைக்க வருகிறார். மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதினால் பின்னால் சிரிப்பு. "கை வைக்காதே, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று ஒரு குரல். இரண்டு மூச்சு, மார்பில் 30 அமுக்கல், மறுபடி இரண்டு மூச்சு என்று போய்க்கொண்டே இருந்தேன். பையன் ஓங்கரித்தான். ஒருக்களித்துப் போட்டேன், புளியோதரையும் ஆற்றுத் தண்ணீருமாக வந்தது. 108 வந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோனது. பிழைத்துவிட்டான்.

அமுக்கத் தெரியும் எனக்கு. கூட்டத்தை என்ன செய்வது? போலீஸ் கேஸ் என்றது நிஜமா?

பழைய 108 ஆள்:
தம்பி, பொதுவாகத் "தள்ளுங்க" என்றால் ஒருவரும் தள்ள மாட்டார்கள். ஆளைச் சுட்டி வேலை கொடுங்கள். "நீலச் சட்டை அண்ணே, 108க்கு அடிங்க." அதிகம் கத்துகிறவருக்குப் பெரிய பொறுப்பு: "ஐயா, மெயின் ரோட்டுல நின்னு வண்டியைக் கூட்டிட்டு வாங்க." அவர் நகர்ந்தாலே பாதிச் சத்தம் போய்விடும்.

மூச்சு கொடுத்தது சரிதான். மாரடைப்பில் விழுந்தவர் ரத்தத்தில் கொஞ்சம் ஆக்ஸிஜன் மிச்சமிருக்கும். மார்பை அமுக்கினால் அதுவே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மூழ்கியவனுக்குத் தீர்ந்துபோனதே அதுதான். வயிற்றை அமுக்கினால் சோறு ஏறி மூச்சுக்குழாயில் இறங்கும். எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆகவேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் திணறடிக்கும்.

மன்னார்குடி வக்கீல்:
உதவப் போனவர் மேல் கேஸ் வராமல் காக்கிற பிரிவு என்று எல்லோரும் சொல்கிற 134-ஏ, 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்தது. சாலை விபத்துக்கு மட்டும்தான். ஆறு, குளத்துக்கு வராது. அதற்கு இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 30ஆவது பிரிவு இருக்கிறது (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், அதாவது ஐபிசியில், 92): சம்மதம் சொல்ல முடியாமல் கிடப்பவருக்கு நல்லெண்ணத்தோடு அவர் நன்மைக்காகச் செய்தது குற்றமாகாது. உங்கள் வேலையில் 134-ஏவும் உதவும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருக்காட்டுப்பள்ளி அத்தை:
எங்கள் தாத்தா காலத்தில் குயவர் சக்கரத்தில் கிடத்திச் சுற்றுவார்களாம். ஒன்றிரண்டு பேருக்குத் தானாக மூச்சு வந்திருக்கும், பேர் சக்கரத்துக்குப் போய்விட்டது. பெரியவரிடம் "தப்பு" என்று மட்டும் சொல்லாதீர்கள், ரோஷம் வந்துவிடும். "மூச்சு வரட்டும் ஐயா, அப்புறம் சுத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பாபநாசம் கண்டக்டர்:
அத்தை, இது படியில் தொங்குகிறவனிடமும் எடுபடும் போலிருக்கிறதே! அண்ணே, சாரே, நன்றி. 30ஆவது பிரிவை டிப்போ போர்டில் எழுதிப் போடச் சொல்கிறேன்.