கலைச்சொல் விவாதம்: ‘விசிறி முளை’ – ரேக் சர்வரில் கூடுதல் விசிறிக்கு மின்சாரம்

குழுவினருக்கு வணக்கம்.

ரேக் சர்வர் பராமரிப்புக் கையேட்டின் குளிர்விப்புப் பகுதியில் ஒரு சொல் உறுத்துகிறது. மதர்போர்டில் விசிறி வயரைச் செருகும் இடத்தை, அதாவது ஃபேன் ஹெடரை, ‘விசிறித் தலைப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். தலைப்பு கட்டுரைக்கு உண்டு, சேலைக்கு உண்டு. நாலு உலோகப் பின்னுக்கு அது ஒட்டவில்லை. ‘விசிறி முளை’ என்று வைக்கலாமா? மாடு கட்ட அடித்த முளை மாதிரி பலகையில் பின்கள் நட்டுக்கொண்டு நிற்கின்றன, வயர் வந்து மாட்டிக்கொள்கிறது. பொதுவான பின் ஹெடருக்கு ‘முளைவரிசை’. வயர் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குக் ‘கூடு’.

இன்னொன்று. ‘கூடுதல் விசிறிக்கு மின்னூட்டுதல்’ என்ற தொடரை நீக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்னூட்டம் என்பது சார்ஜ். இலங்கையில் அதையே மின்னேற்றம் என்கிறார்கள். பள்ளியில் படித்தவர் குழம்புவார். வினையாக ‘மின்சாரம் கொடுத்தல்’ போதும். பெயர்ச்சொல் தேவைப்பட்டால் நீர்வரத்தைப் போல ‘மின்வரத்து’ என்று சொல்லிப் பார்க்கலாம்.

—

மறுமொழி:

> ஃபேன் ஹெடர் = விசிறி முளை

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. விளக்கத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ‘விசிறிக்கு மின்சாரம் தரும் முளை’ என்று மட்டும் எழுதினால், கூடுதல் விசிறி போடுகிறவர் தவறு செய்ய அதுவே வழிகாட்டும். அந்த நாலு பின்னில் மின்வரத்துக்கு உரியவை இரண்டுதான்.

முதல் பின் கிரவுண்ட், இரண்டாவது 12 வோல்ட். மூன்றாவது வழியாக விசிறி தன் வேகத்தைப் பலகைக்குச் சொல்கிறது: ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் நொடிக்கு 200 துடிப்பு வரும். நான்காவது வழியாகப் பலகை விசிறிக்கு வேகத்தை ஆணையிடுகிறது. 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை அது. மூன்றாவதுக்குச் ‘சுற்றெண்ணிக் கம்பி’, நான்காவதுக்கு ‘வேக ஆணைக் கம்பி’ என்பது என் முன்மொழிவு. இன்டெல் வகுத்த நிறமுறையில் இந்த நாலும் வரிசையாகக் கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம். சர்வர் விசிறிகளில் நிறமும் பின் வரிசையும் மாறி வருவது சாதாரணம். நிறத்தை நம்பாமல் விசிறியின் தரவுத்தாளைப் பார்த்து, மீட்டர் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இப்படிப் பிரித்துப் பெயரிட்டால் கையேட்டில் எழுத வேண்டிய பழுதுகளும் தாமாகவே பிரிந்துவிடும்.

மின்வரத்தில் வருவது அளவு மீறல். இன்டெலின் நாலு கம்பி விதிமுறை ஒரு முளைக்குத் தொடர் ஓட்டமாக 1.5 ஆம்பியர், கிளம்பும்போது ஒரு நொடிக்கு மட்டும் 2.2 ஆம்பியர் என்கிறது. சர்வர் பலகைக்கு அதன் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுதான் கணக்கு. 1யூ பெட்டியின் (ரேக்கில் ஓர் அலகு உயரம் மட்டுமே உள்ள சர்வர்) 40 மில்லிமீட்டர் இரட்டைச் சுழலி விசிறிகளில் ஒன்றே ஓர் ஆம்பியரைத் தாண்டுவது உண்டு. அதனோடு கவட்டை வயர் போட்டு (ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் ஸ்பிளிட்டருக்கு இந்தப் பெயரையும் பரிசீலியுங்கள்) இரண்டாவதையும் அதே முளையில் மாட்டினால், பலகையின் மெல்லிய செம்புத் தடமோ அந்த முளைக்கான ஃப்யூஸோ போய்விடக்கூடும். லேபிளில் இருக்கும் ஆம்பியர் ஓடும்போது இழுப்பது; கிளம்பும்போது அதைவிடக் கூடும்.

சுற்றெண்ணிக் கம்பியில் வருவது கலப்படக் கணக்கு. கவட்டையில் இரண்டு விசிறியின் சுற்றெண்ணிக் கம்பியும் சேர்ந்தால் துடிப்புகள் கலந்து பொருளற்ற எண் வரும். ஒரு விசிறியின் கம்பி மட்டுமே முளைக்குப் போக வேண்டும். மற்றதை வெட்டி முனையை இன்சுலேட் செய்துவிடலாம். அப்படி வெட்டிய விசிறி நின்றாலும் கண்காணிப்புக்குத் தெரியாது. இந்த எச்சரிக்கை கையேட்டில் தடித்த எழுத்தில் வரட்டும்.

வேக ஆணைக் கம்பியை மாட்டாமல் விட்டால் விசிறி முழு வேகத்தில் ஓடும். பழுது என்று நினைத்து விசிறியைக் கழற்றி மாற்றிப் பயனில்லை. ஆணை வராதபோது முழு வேகம் என்பதுதான் வடிவமைப்பு.

ஆகவே நல்ல வழி: மின்சாரத்தை மின்வழங்கியின் (பவர் சப்ளையின்) தனிக் கிளையிலிருந்தும், ஆணையையும் கணக்கையும் முளையிலிருந்தும் எடுப்பது. மின்வழங்கியிலிருந்து வரும் மோலெக்ஸ் என்ற நாலு பின் இணைப்பில் மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். சிவப்பு 5 வோல்ட், அதைத் தொட வேண்டாம். வட்டுகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 வீதம் 4.5 ஆம்பியர். மாற்றி வயர் வாங்கும்போது பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை வேண்டாம்; உள்ளே கம்பிகள் நெருங்கி ஷார்ட் ஆகிக் கருகியிருக்கின்றன. கம்பி நுனியில் உலோக முனையை நசுக்கிப் பொருத்தி (கிரிம்ப் செய்து) கூட்டில் செருகிய வகையை எடுக்க வேண்டும்.

750 வாட் மின்வழங்கி 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல் தரும். விசிறியின் மெல்லிய வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் மின்வழங்கி அதைச் சாதாரணச் சுமையாக எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், வயர் எரியும். மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ் போட வேண்டும். ஓர் ஆம்பியர் விசிறிக்கு 2 ஆம்பியர் ஃப்யூஸ் சரி.

வெளி அடாப்டரிலிருந்து 12 வோல்ட் எடுப்பவர்கள் அதன் கிரவுண்டையும் பலகையின் கிரவுண்டையும் இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் ஆணையும் கணக்கும் வேலை செய்யாது. அடாப்டர் தனியே இயங்குவதால், சர்வரை அணைத்த பிறகும் விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

—

மறுமொழி:

அம்மா, மூன்று பெயர்களையும் ஏற்கிறேன். ‘துடிப்பு அகலப் பண்பேற்றம்’ என்ற பாடநூல் சொல் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த முறைக்கு இருக்கட்டும், கம்பிக்கு ‘வேக ஆணைக் கம்பி’. ‘முளை’ துளிரையும் குறிக்குமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். விசிறியோ வரிசையோ பக்கத்தில் நிற்கும்போது மயக்கம் வராது.

ஒரு பழுதைச் சேர்க்க வேண்டும். சத்தம் குறையட்டும் என்று மெதுவான விசிறி போட்டால், நிர்வாகச் சிப்பான பிஎம்சி அந்த வேகத்தைக் கீழ்வரம்புக்கும் கீழே என்று படித்து எல்லா விசிறிகளையும் முழு வேகத்துக்கு ஏற்றும். எண் உயர்ந்ததும் இறக்கும், மறுபடி ஏற்றும். சில நொடிக்கொருமுறை இரைச்சல் ஏறி இறங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பிஎம்சியோடு பேசும் மென்பொருளான ஐபிஎம்ஐ கருவியால், அதில் பதிவான அந்த விசிறியின் மூன்று கீழ்வரம்புகளையும் விசிறியின் மிகக் குறைந்த வேகத்துக்குக் கீழே இறக்கலாம். சில தயாரிப்புகள் மாற்ற விடுவதில்லை. இதற்குக் ‘கீழ்வரம்பு ஊசல்’ என்று பெயர் வைக்கிறேன்.

காற்றுத் திசையும் விட்டுப்போயிற்று. ரேக் சர்வரில் காற்று முன்னிருந்து பின்னுக்கு. விசிறிச் சட்டத்தில் உள்ள காற்றோட்ட அம்புக்குறி அதே திசையைக் காட்ட வேண்டும். வலுவான விசிறிகளுக்குப் பக்கத்தில் வலுவற்ற ஒன்றை வைத்தால் சூடான காற்று அதன் வழியாகவே முன்பக்கம் திரும்பும். விசிறிகளைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தகட்டால் அடைக்காமல் விசிறி கூட்டிப் பலனில்லை.

அகராதிக்கு இப்படிப் பதிகிறேன்:

விசிறி முளை: விசிறியின் மின்வரத்து, சுற்றெண்ணிக்கை, வேக ஆணை மூன்றும் சேரும் பலகை முளைவரிசை. மின்வரத்தை வேறிடத்திலிருந்து எடுத்தாலும் மற்ற இரண்டும் இங்கேயே மாட்டப்படும்.