சைடுடோனுக்குத் தமிழ்: பக்கத்தொனியா, தன்னொலியா?

> ஹாம் (அமெச்சூர் வானொலி) செட்டில் பேசும்போது நம் குரல் நமக்கே ஹெட்போனில் கேட்கிறதே, அதைப் 'பக்கத்தொனி' எனலாமா? 'தற்குரல்'?

பக்கத்தொனி வேண்டாம் ஐயா. சைட்பேண்டை, அதாவது ஊர்தி அலையின் பக்கத்தில் அமையும் அலைவரிசைப் பகுதியை, பக்கப்பட்டை என்று எழுதிவருகிறோம், இரண்டும் குழம்பும். தற்குரல் காதுக்கு இனிது, ஆனால் மோர்ஸில் ஏது குரல்? சாவியை அழுத்தினால் செட்டே எழுப்பும் பீப்தான், பெரும்பாலும் 600–700 ஹெர்ட்ஸ். பல செட்களில் எதிர்முனை சிக்னலை இதே சுருதிக்குத் திருகி வைத்தால் இருவரும் ஒரே அலைவரிசையில் நிற்போம். ஆகவே 'தன்னொலி'.

---

> ஆகவே 'தன்னொலி'

சரி, ஆனால் எஸ்எஸ்பியில் (ஒரு பக்கப்பட்டையில் மட்டும் குரலை அனுப்பும் முறை) 'மானிட்டர்' பொத்தான் தருவது வேறு. மைக் ஒலி நேரே காதுக்கு வருவதில்லை. கம்ப்ரஸர் (குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ஃபில்டர் எல்லாம் தாண்டிய சிக்னலைக் குரலாக மாற்றித் தருகிறது. இதைத் 'தன்கேட்பு' எனப் பிரிப்போம். பிரிக்கக் காரணம் உண்டு. கம்ப்ரஸரைக் கூட்டிவைத்தால் தன்கேட்பில் உடனே தெரியும். இறுதிப் பெருக்கியில் நேரும் சிதைவோ பெரும்பாலும் தெரியாது, ஏனெனில் அதற்கு முன்பே சிக்னலை எடுத்துவிடுகிறார்கள். தன்கேட்பு சுத்தம் என்பதால் காற்றில் போவதும் சுத்தம் என்று நம்பக் கூடாது.

குரல் கரகரத்தால் ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடில் (சிக்னலை வெளியே விடாமல் வெப்பமாக்கும் சுமை) பேசிப் பாருங்கள். அங்கே தெளிவாகி, ஆன்டெனாவில் மட்டும் கெட்டால் மைக் வயரில் ஆர்எஃப் (ரேடியோ அலை) ஏறுகிறது. வயரை ஃபெரைட் வளையத்தில் பல சுற்று சுற்ற வேண்டும். தன்கேட்பை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்காதீர்கள், ஊளையிடும். ஹெட்போனில், அளவைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

---

செயற்கைக்கோளை விட்டுவிட்டீர்களே! கியூஓ-100 என்ற புவிநிலை ஹாம் செயற்கைக்கோளில் 2400 மெகாஹெர்ட்ஸில் ஏறும் குரல் 10489இல் இறங்கிவரக் கால் விநாடி ஆகும். தன் குரலையே இவ்வளவு சுணங்கிக் கேட்டால் நாக்குக் குழறும். இழுத்து இழுத்துப் பேசத் தொடங்கிவிடுவோம். தாழ்வட்டப் பாதைக் கோள்களில் சில மில்லி விநாடிகள்தான், தொல்லையில்லை. அங்கே கோளின் வேகத்தால் அலைவரிசை நகரும் டாப்ளர் விளைவைத் திருத்தவே நம் குரலைக் கேட்கிறோம்.

அதற்காகக் கியூஓ-100இல் கேட்காமல் பேசவும் முடியாது. கோள் வழியே வரும் பீக்கன் என்ற அடையாள சிக்னலை விட பலமாக ஏறினால் 'லைலா' என்ற எச்சரிக்கைச் சைரன் நம் சிக்னல் மேலேயே ஊதும். கேட்டால்தானே பவரைக் குறைக்க முடியும்? முதலில் ஒன்று, இரண்டு என்று எண்ணி அலைவரிசையைச் சேர்த்துவிட்டு, ஒலியளவைத் தாழ்த்தி, ஒரு காதைத் திறந்து வைத்துப் பேசுவது வழி. இப்படிக் கோளிலிருந்து திரும்பிவரும் நம் குரலுக்கு 'மீள்குரல்'.

---

தற்குரலுக்குச் சொன்ன தடை இதற்கும் உண்டு நண்பரே, அங்கேயும் மோர்ஸ் ஓடுகிறது. 'மீளொலி' என்று வையுங்கள். மோர்ஸ்காரர்கள் சாவி தட்டும்போது மீளொலியை அடைத்துவிட்டுத் தன்னொலியை மட்டும் கேட்பது நல்லது. இரண்டு பீப்பும் சேர்ந்து வந்தால் புள்ளியும் கோடும் கைக்குள் நிற்காது.