1911 பிஸ்டல்ல தோட்டா மாட்டிக்கிட்டே இருக்கு, ஹெல்ப் ப்ளீஸ்

அண்ணே யாராச்சும் சொல்லுங்க, டெக்சாஸ்ல இருக்கேன், செகண்ட் ஹேண்ட்ல .45 1911 ஒண்ணு வாங்கினேன், ரேஞ்சுக்கு மட்டும்தான். 230 கிரெய்ன் எடை உருண்டை மூக்கு தோட்டான்னா ஒரு சிக்கலும் இல்ல, ஹாலோ பாயிண்ட் (மூக்குல குழி இருக்கிற தோட்டா) போட்டா மூணாவது நாலாவது ரவுண்டுல மூக்கு ஃபீட் ராம்ப்ல (தோட்டாவை குழலுக்குள்ள ஏத்திவிடுற சரிவு) இடிச்சு ஸ்லைடு (மேல முன்னும் பின்னும் ஓடுற பாகம்) பாதியிலயே நின்னுடுது. ரெண்டு மேகசினுக்கும் (தோட்டா அடுக்குற பெட்டி) நம்பர் எழுதி மாத்தி மாத்திப் பாத்தேன், பழசுலதான் அதிகம், அதோட லிப்ஸ் (தோட்டாவைப் பிடிச்சு வைக்கிற மேல் விளிம்பு) விரிஞ்ச மாதிரி இருக்கு, ஆனா புதுசுலயும் ரெண்டு வாட்டி ஆச்சு அதான் குழப்பம். தொடச்சு எண்ணெய் போட்டாச்சு. ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை திரும்ப முன்னால தள்ளுறது) எத்தனை ரவுண்டு பாத்துச்சோ தெரியல, புதுசா 16 பவுண்டு போட்டுப் பாக்கவா, இல்ல எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளிய இழுக்கிற கொக்கி) டென்ஷனா? ரேஞ்சுல ஒருத்தர் ராம்ப்பை மெஷின் வச்சு பாலிஷ் போடச் சொல்றார், எனக்கு பயம், தேய்ச்ச இரும்பு திரும்ப வராதே. மொதல்ல எதைப் பாக்கணும்?