ருவாண்டாவில் ஐ.நா. படை இருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

மணல்வீடு:
ருவாண்டா பற்றிப் படித்ததிலிருந்து தூக்கம் கெட்டுவிட்டது. 1994 ஏப்ரலில் ஹுட்டு தீவிரவாதிகள் டுட்சி இன மக்களைக் கொன்று குவித்த படுகொலை தொடங்கியபோது ஐ.நா. அமைதிப்படை வீரர்கள் ஏறக்குறைய 2,500 பேர் அங்கே இருந்தார்கள். கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் பெல்ஜிய வீரர்களை நம்பி சுமார் 2,000 பேர் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று வீரர்கள் வண்டியேறிப் போய்விட்டார்கள், அன்றைக்கே அந்த மக்களில் பெரும்பாலோரைக் கொலைக் கும்பல் கொன்றுவிட்டது. கையில் துப்பாக்கி இருந்தும் கிளம்பிப் போகிற படையால் என்னதான் செய்ய முடியும்?

ஒற்றைப்பனை:
உங்கள் கோபம் சரிதான். ஆனால் அவர்களை எதற்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். 1993இல் தான்சானியாவின் அருஷாவில் ருவாண்டா அரசும் ருவாண்டா தேசபக்த முன்னணி என்ற கிளர்ச்சிப் படையும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நடக்கிறதா என்று கண்காணிக்கத்தான் போனார்கள். இரண்டு பக்கமும் அமைதியை விரும்பினால் மட்டுமே நடக்கிற வேலை அது, இங்கே அரசுக்குள்ளேயே ஒரு கூட்டம் கொலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. 1994 ஜனவரி 11 அன்றே ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டலேர், ஆயுதப் பதுக்கல் பற்றித் துப்பு கிடைத்திருக்கிறது, சோதனை போடப்போகிறேன் என்று நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார். அது உங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று தடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 7 அன்று பெல்ஜிய வீரர்கள் 10 பேர் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்தது. 21ஆம் தேதி பாதுகாப்பு அவை மொத்தப் படையையும் 270 பேராகக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது, நாடுகள் கொடுத்தால்தான் உண்டு.

கிழக்குவாசல்:
அதிகாரம் இல்லை என்பதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தீர்மானத்துக்குப் பிறகும் டலேரும் சில நூறு வீரர்களும், பெரும்பாலும் கானாக்காரர்கள், போகாமல் இருந்தார்கள், அமஹோரோ விளையாட்டரங்கில் தஞ்சமடைந்த ஆயிரக்கணக்கானோரைக் காத்தார்கள். செனகல் கேப்டன் ம்பாயே டியாங்னே கையில் ஆயுதம்கூட இல்லாத ஐ.நா. கண்காணிப்பாளர். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பேசிப் பேசியே, வண்டியில் சிலர் சிலராக ஏற்றி, நூற்றுக்கணக்கானோரை வெளியே கொண்டுவந்தார். மே 31 அன்று குண்டு விழுந்து இறந்துபோனார். நாடு முழுக்க நடந்த கொலைகளை இவர்களால் நிறுத்தியிருக்க முடியாது, சரி. ஆனால் இவர்கள் நின்ற இடத்தில் மக்கள் பிழைத்தார்கள், அந்தப் பள்ளியிலும் பிழைத்திருப்பார்கள்.

ஒற்றைப்பனை:
ஒத்துக்கொள்கிறேன். ஐ.நா. படை போன இன்னொரு நாடான, மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனும் நினைவுக்கு வருகிறது. 2000 மே மாதம் கிளர்ச்சியாளர்கள் சுமார் 500 ஐ.நா. வீரர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அப்புறம் பிரிட்டன் படை இறக்கியது, ஐ.நா. படையும் 17,500 வரை பெருகியது, 2005இல் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆனால் அங்கே கிளர்ச்சியாளர்கள் முதலில் போர்க்களத்தில் அடி வாங்கினார்கள், அதற்குப் பிறகுதான் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

மணல்வீடு:
இரண்டு பேருக்கும் நன்றி. இப்போதுதான் அடுத்த பகுதியைப் படித்தேன். மே 17 அன்று 5,500 பேரை அனுப்பலாம் என்று பாதுகாப்பு அவை முடிவெடுத்திருக்கிறது. ஆளும் வண்டியும் தர நாடுகள் மாதக்கணக்கில் இழுத்தடிக்க, ஜூலையில் ருவாண்டா தேசபக்த முன்னணி போரில் வென்றதால்தான் கொலைகள் நின்றன. அந்த 5,500 பேரும் வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு.