டயாலிசிஸ் நோயாளிகளின் மனநிலை ஆய்வு: கேட்ட எல்லோரும் ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: செவிலிய மாணவி, பெங்களூரு

வணக்கம். எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளின் பதற்றமும் மனச்சோர்வும் என் ஆய்வேட்டின் பொருள். 1983-இல் சிக்மண்டும் ஸ்னெய்த்தும் உருவாக்கிய ‘ஹேட்ஸ்’ வினாத்தாளை எடுத்துக்கொண்டு, நானும் தோழியும் தமிழாக்கினோம். பதற்றத்துக்கு 7 கேள்விகள், சோர்வுக்கு 7. ஒவ்வொன்றிலும் 21 வரை மதிப்பெண் வரலாம், 11-ம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டிய நிலை.

முன்னோட்டமாக அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழர்கள் பத்துப் பேரிடம் கேட்டதில் ஒருவர்கூட 7-ஐத் தாண்டவில்லை. ஆனால் அவர்களில் ஒரு பெரியவர், ஊசி குத்தியபோதெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று நான் சொல்லத் தொடங்கியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அவருடைய மதிப்பெண் 3. பிழை வினாத்தாளிலா, தமிழாக்கத்திலா, என்னிடமா?

பதில் 1: நர்சிங் கல்லூரி ஆசிரியை

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது, தங்கையே. முதலில் தமிழாக்கத்தைப் பார்ப்போம். ஹேட்ஸில் பயத்தால் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பது போன்ற உணர்வைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கேட்பவர் சிரிப்பார். ‘வயிற்றைக் கலக்குகிறதா’ என்று நம் வழக்கில் கேட்டால், சிறுநீரக நோயாளி தன் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார். ‘பயத்தில் வயிற்றில் புளியைக் கரைப்பதுபோல் இருக்கிறதா’ என்பது கொஞ்சம் கிட்டே வரும். இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி, பிறகு மூலத்தோடு ஒப்பிடும் வேலையை நீங்கள் செய்ததாகத் தெரியவில்லை. தவிர, ஹேட்ஸ் உரிமம் பெற்றுப் பயன்படுத்த வேண்டிய கருவி; ஏற்கெனவே உள்ள தமிழ் வடிவத்தை உரிமையாளரிடமே கேட்டுப் பெறுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், கேட்டவர் யார் என்பது. சீருடையில் இருக்கும் நீங்கள் நாளை அவருடைய ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த இடம்) ஊசி குத்தப் போகிறவர். உங்களிடம் ‘மனசு சரியில்லை’ என்று சொன்னால் அது உங்கள் கவனிப்பின்மேல் குறை சொன்னதாகிவிடும் என்று நம் மக்கள் நினைப்பார்கள். அந்தப் பிரிவில் வேலை செய்யாத ஒருவர், சாதாரண உடையில், உறவினர் அருகில் இல்லாதபோது கேட்கட்டும். கடைசி மணி நேரத்தில் இரத்த அழுத்தம் இறங்கிக் கெண்டைக்கால் இழுக்கும் என்பதால் அப்போது வேண்டாம்.

இன்னொன்று: பெங்களூரில் பிறந்த பல தமிழர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வருவது கன்னடம்தான். ஆகவே தாளைக் கையில் கொடுக்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாசித்துக் காட்டுங்கள். மாற்றங்களை நெறிமுறைக் குழுவிடம் மறுபடி கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். முன்னோட்டப் பத்துப் பேரை முதன்மை ஆய்வில் சேர்க்கக் கூடாது.

பதில் 2: நோயாளியின் மகன், சிவாஜிநகர்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். நான்கு ஆண்டுகளாக அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவன். ஒருமுறை இதே போன்ற கேள்விகளை என்னை அருகில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்கள். ‘எனக்கென்ன குறை, பிள்ளை பார்த்துக்கொள்கிறான்’ என்றார். அன்று இரவு, ஆட்டோவுக்கு எவ்வளவு ஆனது, அலுவலகத்தில் எத்தனை நாள் சம்பளம் பிடித்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் பாரமாகிவிட்டோம் என்ற அந்த எண்ணத்தை உங்கள் 14 கேள்விகளில் எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் 3: மனநலச் செவிலியர்

அந்த மகன் சொன்னதை மாணவி கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். எண்களோடு நின்றுவிடாமல், ஏழெட்டுப் பேரிடமாவது ‘தண்ணீர் அளவு குறைந்த பிறகு வீட்டில் என்ன மாறியது’ என்பதுபோல் திறந்த கேள்வி கேட்டு, அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஹேட்ஸை விட்டு, மனச்சோர்வை அளக்கும் கட்டணமில்லாத வினாத்தாளான பி.எச்.க்யூ.-9-க்கு மாறலாமா என்று தோன்றினால் ஓர் எச்சரிக்கை. அதில் தூக்கம், அசதி, பசி மூன்றும் உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு அவை சிறுநீரகத்தாலேயே கெடும், மதிப்பெண் பொய்யாக ஏறும். ஹேட்ஸ் அப்படிப்பட்ட உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்ததே இதற்காகத்தான். மேலும் பி.எச்.க்யூ.-9-இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஒருவர் ‘ஆம்’ என்றால் அன்றே யாரிடம் அனுப்புவீர்கள் என்பதை முன்னதாகவே எழுதி வையுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று என் வழிகாட்டியிடம் பேசினேன். வேறு பிரிவில் பயிலும் தோழி சாதாரண உடையில் கேட்பதற்கு ஒப்புக்கொண்டார். அந்தப் பெரியவரை ஆய்வுக்காக அல்லாமல் மறுபடி பார்த்தேன். கோடையில் மண்பானைத் தண்ணீரைச் சொம்போடு குடித்தவராம். இப்போது மருமகள் டம்ளரில் அளந்து தருகிறாராம். வேறொன்றும் சொல்லவில்லை.