எழுத உட்கார்ந்தால் கேஸ் ஷீட் போலவே வருகிறது, என்ன செய்யலாம்?

இரவுப்பணி (கேள்வி):
ஐசியூவில் செவிலியராக இருக்கிறேன். கதை எழுத ரொம்ப நாளாக ஆசை. ஆனால் டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தால் "4 மணி, பிபி இறங்கியது, டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது" என்கிற தொனியில்தான் வருகிறது. இதே துறையில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் எப்படிப் பழகினீர்கள்? நோயாளிகளைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கமும் இருக்கிறது.

வெள்ளைக்கோட்டு:
கேஸ் ஷீட் நடையோடு மல்லுக்கட்ட வேண்டாம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வையுங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா சாரோன் என்ற மருத்துவர் 1993-இல் தன் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி இதுதான்: கேஸ் ஷீட்டில் எழுத முடியாதது, ஆனால் எங்கேயாவது எழுதியே ஆக வேண்டியது, அதை மட்டும் சாதாரண மொழியில் எழுதி, சிறு குழுவில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட வேண்டும். உங்கள் வரியையே எடுத்துக்கொள்ளுங்களேன். தகவல் சொன்னது யார், போன் எடுக்கும்வரை அவர் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார், வெளியே காத்திருந்த மகனிடம் முதலில் என்ன சொன்னார், பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்திருந்தாரா? அந்த ஒரு வரிக்குள்ளேயே ஒரு முழுக் கதை இருக்கிறது.

மருந்துச்சீட்டு:
தயக்கம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். பெயரை மாற்றினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள், போதாது. அபூர்வமான நோய், வயது, தொழில், சேர்ந்த தேதி எல்லாம் சேர்ந்தால் தெரிந்தவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த நோயாளியின் மகள் படித்தால் "இது எங்கப்பா" என்பாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், அவர்கள் சம்மதம் இல்லாமல் அது நோட்டை விட்டு வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப் குழுவுக்கும்தான்.

ஓபி வரிசை:
55 சொல் கதை முயன்று பாருங்கள், மருத்துவப் பயிற்சியில் பல இடங்களில் செய்ய வைக்கிறார்கள். முதலில் மனம்போல எழுதிவிட்டு, அப்புறம் 55 சொல் மிஞ்சும்வரை வெட்ட வேண்டும். வெட்டும்போது முதலில் போவது மருத்துவச் சொற்கள்தான், அதனால்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன்.

இரவுப்பணி:
எல்லோருக்கும் நன்றி. ஷிஃப்ட் முடிந்த கையோடு எழுதுவது நல்லதா, இல்லை தள்ளிப் போடலாமா?

வெள்ளைக்கோட்டு:
பெரிய சம்பவம் என்றால் தள்ளிப் போடுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் 4 நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், மனதை உலுக்கிய அனுபவங்களை எழுதினார்கள். நடந்ததையும் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது, ஆனால் எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனத்துத்தான் இருந்தது. அந்தக் கனத்தோடு படுக்கப் போகாதீர்கள், தூங்கி எழுந்து எழுதுங்கள். எழுத எழுத அந்தக் காட்சி தூக்கத்திலும் வர ஆரம்பித்தால் நோட்டை மூடிவிட்டு ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.